ஒரே நீளம், ஒரே நிறம், ஆனாலும் உட்காராது: மாடல் ரயில் கண்டெய்னர்களைக் கலந்து அடுக்குவது

நிஜக் கண்டெய்னரின் சூட்சுமம் அதன் எட்டு மூலைகளில் இருக்கிறது. எந்த நாட்டில் செய்த பெட்டியானாலும், எந்தக் கப்பல் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தாலும், அந்த மூலை வார்ப்புகளின் அளவும் இடைவெளியும் ஒன்றுதான். பெட்டியின் வெளியளவை ஐஎஸ்ஓ 668 என்ற சர்வதேசத் தரம் தீர்மானிக்கிறது, மூலையை ஐஎஸ்ஓ 1161 தீர்மானிக்கிறது. அதற்கு முன்னால் நிலைமை வேறு. கப்பல் கம்பெனிகளில் சீ-லேண்ட் 35 அடிப் பெட்டி வைத்திருந்தது, மேட்சன் 24 அடிப் பெட்டி வைத்திருந்தது, ஒருவர் பெட்டி இன்னொருவர் சாதனத்தில் ஏறாது. 1968ல் அளவுத் தரம் வந்த பிறகுதான் மெல்ல மெல்ல எல்லாம் ஒரு வழிக்கு வந்தது.

மாடல் ரயில் உலகம் இன்னும் 1968க்கு முன்னால்தான் இருக்கிறது. தகட்டின் அலைமடிப்பு, கதவுக் கம்பி, எழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பெட்டியைத் திருப்பி அடியைப் பார்த்தால் ஒருவர் முளை வைத்திருப்பார், ஒருவர் துளை விட்டிருப்பார், இன்னொருவர் மொழுக்கென்று விட்டிருப்பார், மற்றொருவர் உள்ளே காந்தம் ஒளித்து வைத்திருப்பார். ஒருவருடைய பெட்டிகளை மட்டுமே வாங்கி ஓட்டுகிறவருக்கு இது எதுவும் தெரியவே போவதில்லை. கலந்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி. ஆனால் ஒரே தயாரிப்பாளரின் பெட்டிகளை மட்டும் அடுக்கிய ரயில் பார்க்க நன்றாகவா இருக்கிறது? நிஜ ரயிலில் அடுத்தடுத்த பெட்டிகள் பத்துக் கம்பெனிகளுடையவை, பத்து வயதுடையவை.

பல வருடம் கலந்து அடுக்கிப் பார்த்த பிறகு என் நிலைப்பாடு இது: எந்தப் பிராண்ட் எந்தப் பிராண்டோடு பொருந்தும் என்று பட்டியல் தேடுவது வீண். அதே தயாரிப்பாளரே அடுத்த அச்சில் முளையை மாற்றிவிடுவார். உங்கள் லேஅவுட்டுக்கு என்று ஒரு மூலை முறையை நீங்களே முடிவு செய்துகொண்டு, வந்து சேரும் பெட்டி ஒவ்வொன்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள். எனக்கு அது மேலும் கீழும் வெறும் துளை, நடுவில் கழற்றி மாட்டும் சிறு முளை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஸ்கேல், அதாவது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறது என்பது. இதில் தடுமாறுவதற்குக் காரணம் தண்டவாளம் ஒன்றாக இருப்பதுதான். எச்ஓ (HO), ஓஓ (OO) என்ற இரண்டு ஸ்கேல்களும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுகின்றன, ஆனால் எச்ஓ 1:87, பிரிட்டிஷ் ஓஓ 1:76. என் (N) எனப்படும் சிறிய ஸ்கேலில் இன்னும் மோசம். 9 மி.மீ. தண்டவாளம் எல்லோருக்கும் பொது, ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய மாடல் 1:160, பிரிட்டிஷ் மாடல் 1:148, ஜப்பானிய மாடல் பெரும்பாலும் 1:150. உறையில் என் ஸ்கேல் என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காட்டோ போன்ற தயாரிப்பாளர்கள் ஜப்பானிய வண்டிகளை ஒரு ஸ்கேலிலும் அமெரிக்க வண்டிகளை இன்னொரு ஸ்கேலிலும் செய்கிறார்கள், அதனால் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. 40 அடிப் பெட்டி 1:160ல் 76.2 மி.மீ., 1:148ல் 82.4 மி.மீ. ஆறு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணே காட்டிக்கொடுக்கும், வெல் காரோ (பெட்டி உள்ளே இறங்கி உட்காரும்படி நடுவில் பள்ளம் விட்ட வண்டி; அந்தப் பள்ளம்தான் வெல்) இன்னும் கறாராகக் காட்டும்.

கையில் ஒரு வெர்னியர் காலிப்பர் இருக்க வேண்டும். மலிவான பிளாஸ்டிக் டிஜிட்டல் காலிப்பரே போதும். எச்ஓவுக்கு நான் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்கள் சில: 40 அடி என்றால் 140 மி.மீ. நீளம், 28 மி.மீ. அகலம். உயரம் சாதாரணப் பெட்டிக்கு 29.7, உயரம் கூடிய ஹை கியூப் பெட்டிக்கு 33.2. 45 அடிக்கு 157.5, 48 அடிக்கு 168, 53 அடிக்கு 185.5. இருபது அடிப் பெட்டிக்கு 70 என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 69.5தான் சரி. நிஜத்தில் 20 அடிப் பெட்டியின் நீளம் 6,058 மி.மீ., அதாவது இருபது அடிக்கு ஒன்றரை அங்குலம் குறைவு. இரண்டு பெட்டிகளை ஒரு 40 அடி இடத்தில் வைத்தால் நடுவில் மூன்று அங்குல இடைவெளி வர வேண்டும் என்பதற்காகவே அந்தக் குறைப்பு. எச்ஓவில் இந்த இடைவெளி 0.87 மி.மீ. இதைக் கவனிக்காமல் இருபது அடிப் பெட்டியைச் சரியாக 70 மி.மீ.க்கு அச்செடுத்துவிட்டால், இரண்டு பெட்டியும் சேர்ந்து 140 ஆகி, இறுக்கமான வெல்லில் கடைசி மில்லிமீட்டரில் மாட்டிக்கொள்ளும். நுழைந்தாலும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரே பெட்டி போலத் தெரியும். கதவுப் பக்கத்தையும் எதிர்ப்பக்கத்தையும் தட்டையான கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்தால் சரியாகிவிடும். ஆனால் கதவுக் கம்பிகள் தனியாக ஒட்டியவையாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாமல் மறுபக்கத்தை மட்டும் தேய்ப்பது நல்லது.

பெட்டியின் மேலேயே அது என்ன என்று எழுதியிருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐஎஸ்ஓ 6346 முறைப்படி நான்கு எழுத்து, ஆறு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம். அதற்குக் கீழே எண்ணும் எழுத்தும் கலந்த நான்கு இலக்க அளவுக் குறியீடு ஒன்று. 22ஜி1 என்றால் 20 அடி, எட்டரை அடி உயரம். 42ஜி1 என்றால் 40 அடி, எட்டரை அடி உயரம். 45ஜி1 என்றால் 40 அடி ஹை கியூப், உயரம் ஒன்பதரை அடி. அந்த 45ஐப் பார்த்து 45 அடி என்று வாங்கிவிடாதீர்கள், 45 அடி ஹை கியூபின் குறியீடு எல்5ஜி1. பழைய பெட்டி உறையில்லாமல் கைக்கு வரும்போது எனக்கு இதுதான் முதல் சாட்சி. குறியீடு 45ஜி1 என்று சொல்லி உயரம் 29.7தான் வருகிறது என்றால், ஒரே அச்சில் வேறு வேறு எழுத்துகளை அச்சடித்து விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பெட்டியை அடுக்கில் கீழே வைத்துவிடுவேன், வெல்லின் பக்கச் சுவர் பாதியை மறைத்துவிடும்.

இப்போது மூலைக்கு வருவோம். நிஜ மூலை வார்ப்பு 178 x 162 x 118 மி.மீ. கனமுள்ள எஃகுக் கட்டி. மேலும் கீழும் நீள்வட்டத் துளை, அதில் திருகிப் பூட்டும் ட்விஸ்ட் லாக்கோ, ரயிலில் என்றால் ஐபிசி எனப்படும் இணைப்பானோ நுழைந்து பூட்டிக்கொள்ளும். அகல வாக்கில் துளைகளின் மையங்களுக்கு இடையே 2,259 மி.மீ., எச்ஓவில் சுமார் 26 மி.மீ. இந்த 26ஐத்தான் தயாரிப்பாளர்கள் பலவிதமாக எடுத்துக்கொள்கிறார்கள். உட்பக்கச் சுவரின் தடிமனுக்கு இடம் வேண்டும் என்று ஒருவர் முளைகளை உள்ளே தள்ளியிருப்பார், ஒருவர் சரியான இடத்தில் வைத்து முளையைத் தடிமனாக்கியிருப்பார். முளை துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் மேல்பெட்டி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். முளை நீளமாக இருந்தால் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். நிஜத்திலும் ஒரு மெல்லிய இடைவெளி உண்டு என்பதால் கொஞ்சம் வெளிச்சம் தப்பில்லை. சாய்வுதான் தப்பு.

என் முறை இப்படி. அடியில் முளை இருந்தால் கூரிய பிளேடால் தட்டையாகச் சீவிவிடுவேன். மூலையின் மேலும் கீழும் துளை இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் கையால் திருகும் சிறு துளைப்பானில் 1.2 மி.மீ. துளையிடுவேன். முதலில் ஊசியால் ஒரு புள்ளி குத்திக்கொண்டால் முனை வழுக்காது. துளை எல்லாப் பெட்டிகளிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம், அதற்கு ஒரு அச்சுத்தகடு செய்துகொள்ளுங்கள். மெல்லிய பித்தளைத் தகட்டில் சரியான இடைவெளியில் துளையிட்டு, இரண்டு ஓரத்தை மடித்துவிட்டால் பெட்டியின் மூலையில் தொப்பி போல மாட்டிக்கொள்ளும். முளைக்கு 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் குச்சியை 3 மி.மீ. துண்டுகளாக வெட்டிக்கொள்வேன். துளையைவிடக் குச்சி சிறிது மெலிதாக இருப்பது வேண்டுமென்றே. அந்தத் தளர்வு இருந்தால்தான் இரண்டு தயாரிப்பாளர்களின் பெட்டிகள் அரை மில்லிமீட்டருக்குள் வித்தியாசப்பட்டாலும் அடுக்கு நேராக உட்காரும். நான்கு மூலைக்கும் முளை தேவையில்லை. எதிரெதிர் மூலைகளில் இரண்டு போதும். ஓடும் ரயிலில் அதற்கு மேல் எதுவும் அசையாது.

அடியில் எதுவுமே இல்லாத மொழுக்கைப் பெட்டி, மேலே எதுவுமே இல்லாத பெட்டி இரண்டும் சேர்ந்தால் சிலர் பசை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, இறக்கி ஏற்றுவதுதானே கண்டெய்னரின் வேலை. அவசரத்துக்கு, சுவரில் தாள் ஒட்டப் பயன்படுத்தும் களிம்பை மிளகளவு உருட்டி நான்கு மூலையில் வைக்கலாம். வெயில் படும் அறையில் நாளடைவில் அது இளகிப் பெயிண்டில் கறை விடும், நீண்ட நாளுக்கு விட்டுவைக்காதீர்கள்.

காந்தப் பெட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாக்சன்வில் டெர்மினல் கம்பெனி போன்றவர்கள் என் ஸ்கேலில் காந்தம் வைத்த பெட்டிகளைக் கொண்டுவந்த பிறகு பலர் அதற்கே மாறிவிட்டார்கள். வசதி என்னவோ உண்மை, மேலே கொண்டுபோனால் தானாக இழுத்து நேராக்கிக்கொள்ளும். கலக்கும்போதுதான் வினை. இரண்டு வேறு முறைகளில் வைத்த காந்தங்களின் முனைகள் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஒத்துப்போகாவிட்டால் மேல்பெட்டி தள்ளிவிடும் அல்லது அரை மில்லிமீட்டர் விலகிப்போய் ஒட்டிக்கொள்ளும். காந்தம் உள்ள பெட்டியைக் காந்தமில்லாத பெட்டிமேல் வைக்க வேண்டுமென்றால், கீழ்ப்பெட்டியின் கூரைக்கு உட்புறம் மெல்லிய இரும்புத் தகடு ஒட்டினால் போதும், முனை எதுவாக இருந்தாலும் கவலையில்லை. என் ஸ்கேலில் இதற்குத் தகரத் துண்டு சரியாக வரும். தண்டவாளத்தடியில் காந்தத்தால் வண்டியைக் கழற்றும் அமைப்போ, காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்சோ வைத்திருப்பவர்கள், காந்தப் பெட்டியைக் கீழ்த்தளத்தில் வைத்து அந்த இடத்தின்மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெல் காரின் அடி தண்டவாளத்துக்கு மிகவும் நெருக்கம்.

45, 48, 53 அடிப் பெட்டிகளுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. நிஜத்தில் இவற்றின் தாங்குதூண்கள் இரண்டு முனைகளில் இல்லை, 40 அடி இடைவெளியில் உள்ளே தள்ளி இருக்கின்றன. அதனால்தான் 53 அடிப் பெட்டி 40 அடிப் பெட்டியின் மேல் பூட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆறரை அடி நீட்டிக்கொண்டு போகிறது. வட அமெரிக்க உள்நாட்டுப் பெட்டிகளான 48ம் 53ம் அகலத்திலும் பெரியவை, எட்டு அடிக்குப் பதில் எட்டரை அடி. ஆனால் கீழே உள்ள 40 அடிப் பெட்டியோடு பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் 40 அடி நிலையில் உள்ள அடித்துளைகள் குறுகிய இடைவெளிக்கே பொருந்துகின்றன. மாடலில் இதை முழுமையாகப் பின்பற்றியவர்களும் உண்டு, நீளப் பெட்டியின் நான்கு முனைகளில் மட்டும் முளையை வைத்துவிட்டு 40 அடி நிலையை மறந்தவர்களும் உண்டு. இரண்டாம் வகை 40 அடியின் மேல் உட்கார்ந்தால் முளைகள் அந்தரத்தில் தொங்கும். அவற்றைச் சீவிவிட்டு, அச்சுத்தகட்டை நடுக்கோட்டிலிருந்து அளந்து வைத்து, 40 அடி நிலையில் புதிதாகத் துளையிடுங்கள். எச்ஓவில் நீளவாக்கில் மையத்துக்கு மையம் 137.6 மி.மீ.

வெல் கார் பக்கத்திலும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. நீளத்தைப் பற்றி யாரும் மறப்பதில்லை: 40 அடி வெல்லில் கீழே 40 வரைதான், 48 அடி வெல்லில் கீழே 53 போகாது. மறப்பது அகலத்தை. சில வெல்களின் உட்சுவரில் பெட்டியை வழிநடத்தும் சிறு முட்டுகள் உண்டு, அவை தன் நிறுவனத்துப் பெட்டிக்கு ஏற்ற தடிமனில் இருக்கும். இன்னொருவர் பெட்டி அகலத்தில் 0.3 மி.மீ. கூடுதலாக இருந்தாலே அந்த முட்டில் தொங்கிக்கொண்டு நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை வயிறு தள்ளுவது. சில பெட்டிகள் சுவர்கள் தனி, தரை தனியாக வருபவை. தரையை ஒட்டாமல் விட்டால் பக்கச் சுவர் நாளடைவில் வெளியே புடைக்கும். முனையில் 28 மி.மீ. காட்டும் பெட்டி நடுவில் 28.6 காட்டும். அதனால் அகலத்தை எப்போதும் மூன்று இடத்தில் அளக்கவும். புடைத்த பெட்டியை உள்ளே இழுத்து, ரப்பர் பேண்ட் போட்டு, தரையை ஒட்டி ஒரு இரவு விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் என்றால் கரைத்து ஒட்டும் பிளாஸ்டிக் பசை பிடிக்கும். கையால் அமுக்கினால் வளைகிற, மெழுகு போன்ற மென்பிளாஸ்டிக் என்றால் அந்தப் பசை பிடிக்காது. அதற்கு உள்மூலைகளில் சிறு ஸ்டைரீன் கட்டைகளைச் சூப்பர் குளூவால் வைத்துச் சொரசொரப்பாக்கிய பரப்பில் ஒட்ட வேண்டும், அதுவும் உறுதி சொல்ல முடியாது.

இருபது அடிப் பெட்டிகளை மேலே வைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க இரட்டை அடுக்கு ரயிலில் அவை கீழ்த்தளத்துக்கு மட்டும்தான், மேலே ஒரு 40 அடியோ அதைவிட நீளமானதோ வந்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும். மாடலிலும் இது நல்லதே, ஏனென்றால் நடுவில் உள்ள நான்கு மூலைகள் யாருடைய முறையில் இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். முளை மட்டும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது.

எடை விஷயத்தில் தயாரிப்பாளர்கள் கருத்து வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். ஒருவர் வெல் காரையே உலோக வார்ப்பில் செய்து பெட்டியை லேசாக விடுவார். ஒருவர் பிளாஸ்டிக் வெல் செய்து பெட்டிக்குள் இரும்புத் தகடு வைப்பார். இவரது கனமான பெட்டியை அவரது கனமான வெல்லின் மேல்தளத்தில் வைத்தால் வளைவில் மொத்தமும் உட்பக்கம் சாயும். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரை எச்ஓவில் 28 கிராமோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 14 கிராம். 27 செ.மீ. நீளமுள்ள தனி வெல் காருக்குக் கிட்டத்தட்ட 180 கிராம் வரும். இதை வெல்லிலும் கீழ்ப்பெட்டியிலும் மட்டும் சேர்த்துவிடுங்கள். மேலே வரக்கூடிய பெட்டிகளில் எடை இருந்தால் பிரித்து எடுத்துவிடுவேன். பல யூனிட் சேர்ந்த வெல் காரில் எல்லா யூனிட்டுக்கும் ஒரே மாதிரி எடை இருக்கட்டும். நடுவில் ஒரு யூனிட் காலியாகவோ லேசாகவோ இருந்தால், நீளமான ரயிலை வளைவில் இழுக்கும்போது அதுதான் முதலில் தடம் புரளும். அடுத்தடுத்த யூனிட்டுகளின் மேல் 53 அடிகளை வைக்கும் எண்ணம் இருந்தால் உங்கள் மிக இறுக்கமான வளைவில் கையால் தள்ளிப் பாருங்கள், முனைகள் ஒன்றோடொன்று உரச வாய்ப்பு உண்டு.

உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஹை கியூப் அடுக்கினால் நிஜத்தில் தண்டவாளத்துக்கு மேல் 20 அடி 2 அங்குலம், எச்ஓவில் 70.6 மி.மீ., 1:160ல் 38.4 மி.மீ. இந்தக் கணக்கு மாடலில் அப்படியே வராது. வெல்லின் தரை ஒருவரிடம் உயரமாக இருக்கும், முளை ஒருவரிடம் நீளமாக இருக்கும், எல்லாம் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டர் ஏறிவிடும். உங்களிடம் உள்ளதிலேயே உயரமான கூட்டணியைக் கண்டுபிடித்து அதை நிரந்தர அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய பாலமோ குகைவாயோ கட்டும்போது முதலில் போகவேண்டிய வண்டி அது.

ஐரோப்பிய பாணியில் ஓட்டுபவர்களுக்கு வெல் இல்லை, தட்டையான வேகன். அங்கே முளை வேகனிலேயே இருக்கும். எஸ்ஜிஎன்எஸ் வகை 60 அடி வேகனில் மூன்று இருபதோ, ஒரு நாற்பதும் ஒரு இருபதுமோ ஏறும், அதற்கேற்ப முளைகள் பல நிலைகளில் இருக்கும். வேகனின் முளை தடிமனாகவும் பெட்டியின் துளை சிறியதாகவும் இருப்பது வழக்கமான முரண்பாடு. இங்கே வேகனைத் தொடாமல் பெட்டியின் துளையைப் பெரிதாக்குவதே என் வழக்கம். வேகனின் முளை போய்விட்டால் அதன் சொந்தப் பெட்டிகளும் சேர்ந்து கெட்டுப்போகும், பெட்டியின் அடித்துளையையோ யாரும் பார்க்கப்போவதில்லை. தேவையில்லாத நிலையில் நிற்கும் முளைகள் பெட்டியைத் தூக்கினால் மட்டும் அவற்றைச் சீவலாம். சில மாடல்களில் மடக்கும்படியே வைத்திருப்பார்கள், அவசரப்பட்டுப் பிளேடை எடுப்பதற்குமுன் நகத்தால் தள்ளிப் பாருங்கள்.

எதற்கும் ஒத்துவராத பெட்டிகளும் சேரத்தான் செய்யும். புடைப்பு நிமிராதவை, மென்பிளாஸ்டிக், ஸ்கேல் விலகியவை. அவற்றை யார்டில் தரையில் அடுக்கிவிடுகிறேன். ஓடாத அடுக்குக்கு முளையும் வேண்டாம், எடையும் வேண்டாம், அடிப்பெட்டிக்குத் தரைகூட வேண்டாம். 1:148, 1:150, 1:160 மூன்றும் கையில் இருந்தால் பெரியதைப் பார்ப்பவர் பக்கத்திலும் சிறியதைப் பின்னாலும் வையுங்கள், யார்ட் இன்னும் ஆழமாகத் தெரியும். ஒரே அடுக்கில் மட்டும் கலக்காதீர்கள். கதவுகள் வரிசையாக நிற்கும் பக்கத்தை முன்னால் திருப்பினால் அகல வித்தியாசம் உடனே தெரிந்துவிடும், அதனால் அந்த அடுக்குகளில் நீளப்பக்கம் முன்னால் இருக்கட்டும்.